104க்கு அப்புறம் 105: வேக வீரன் ஃப்ளாஷும் நம்ம இரும்புக்கை மாயாவியும்

ஃப்ளாஷ் என்ற அமெரிக்க காமிக்ஸ் வேக வீரனுடைய பதிப்பு வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் ஒரு இதழ் எண்ணில் வந்து நின்றுவிடுவேன். 1949ஆம் வருஷம் பிப்ரவரி மாத இதழோடு 'ஃப்ளாஷ் காமிக்ஸ்' நின்றுபோனது. அதன் எண் 104. பத்து வருஷம் கழித்து, 1959இல், அதே பெயர்கொண்ட வேறொரு வீரனுக்குத் தனிப் பத்திரிகை தொடங்கினார்கள். புதிய ஆள், புதிய உடை, புதிய கதை. 1 என்று அச்சடித்திருக்கலாம். ஆனால் அட்டையில் 105 என்று போட்டார்கள். நடுவில் போன பத்து வருஷத்தைத் தாண்டி, பழைய கணக்கை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

முதல் ஃப்ளாஷின் பெயர் ஜே காரிக். கார்ட்னர் ஃபாக்ஸ் எழுத, ஹாரி லாம்பர்ட் வரைய, 1940 ஜனவரி இதழில் வந்தான். ஆய்வுக்கூடத்தில் ஏதோ ஆவியைச் சுவாசித்து, கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் ஓடுகிற கல்லூரிப் பையன். தலையில் இறக்கை வைத்த இரும்புத் தொப்பி. போர்க்காலம் முழுக்க நன்றாக விற்றான். போர் முடிந்ததும் இந்த மாதிரி வீரர்களுக்கான மவுசு குறைந்தது, அவனும் போய்விட்டான். 1956இல் ஆசிரியர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் 'ஷோகேஸ்' நான்காம் இதழில் ஃப்ளாஷைப் புதிதாகக் கொண்டுவந்தார். இந்தத் தடவை பேரி ஆலன், போலீஸ் ஆய்வுக்கூடத்தில் வேலை. மின்னல் தாக்கி வேகம் வந்தவன். ராபர்ட் கனிகர் எழுத்து, கார்மைன் இன்ஃபான்டினோ ஓவியம். அந்த முதல் கதையிலேயே பேரி ஆலன் பழைய ஜே காரிக் காமிக்ஸைக் கையில் வைத்துப் படித்துக்கொண்டிருப்பான்! நின்றுபோன புத்தகத்தின் வாசகன்தான் புது வீரன். 1961இல், 123ஆம் இதழில், இரண்டு பேரும் நேரிலேயே சந்தித்துவிட்டார்கள். அதற்காக இரண்டு உலகங்கள் இருக்கின்றன என்றே கதை கட்டினார்கள்.

இதையெல்லாம் இப்போது கொண்டுவருவதற்குக் காரணம் என் அக்கா பையன். சிதம்பரத்தில் படிக்கிறான். லீவில் எங்கள் ஊர் செம்மங்குப்பம் வந்தால் என் அலமாரிப் பக்கம்தான் உட்காருவான். ஃப்ளாஷ் சீரியலை விடாமல் பார்த்தவன். போன லீவில் ஒரு கேள்வி கேட்டான்.

"மாமா, நமக்கு இந்த மாதிரி பழைய ஆள் யாராவது இருக்காங்களா? எண்பது வருஷம், தொண்ணூறு வருஷம்னு சொல்ற மாதிரி?"

"அவ்வளவு வருஷம் இல்லடா. அறுபது வருஷத்துக்கு ஒருத்தர் இருக்கார். ஓடமாட்டார். மறைஞ்சிடுவார்."

"யாரு?"

"இரும்புக்கை மாயாவி."

அவன் பெயரைக் கேள்விப்பட்டிருந்தான். அவ்வளவுதான். எங்கிருந்து வந்தார், யார் வரைந்தார்கள், எத்தனை தடவை செத்துப் பிழைத்தார் என்பதெல்லாம் தெரியாது. அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரிவாக இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஊரிலிருந்து மேற்கே போனால் நெய்வேலி. அங்கே பழுப்பு நிலக்கரியில் ஓடும் முதல் அனல் மின் அலகு 1962இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதே வருஷம் அக்டோபர் 6ஆம் தேதி லண்டனில் 'வேலியன்ட்' என்ற பையன்கள் வாரப் பத்திரிகையின் முதல் இதழ் கடைக்கு வந்தது. மின்சாரம் பாய்ந்தால் மறைந்துபோகிற ஒரு மனிதன் அந்த முதல் இதழிலேயே இருந்தான். அங்கே அவன் பெயர் 'ஸ்டீல் கிளா'. லூயிஸ் கிராண்டெல் என்பவன் பேராசிரியர் பாரிங்கரின் ஆய்வுக்கூட உதவியாளன். முன்பு ஒரு விபத்தில் வலது கையை இழந்து, இரும்புக் கை பொருத்தியிருக்கிறான். இன்னொரு விபத்தில் உயர் அழுத்த மின்சாரம் உடம்பில் பாய்கிறது. உடல் மறைகிறது, உடை மறைகிறது, இரும்புக் கை மட்டும் மறையாமல் காற்றில் மிதக்கிறது. மின்சாரத்தின் சக்தி உடம்பில் தீர்ந்ததும் திரும்பத் தெரிய ஆரம்பித்துவிடுவான். மறுபடி மறைய வேண்டுமென்றால் மறுபடி ஷாக் வேண்டும்.

இந்த விதிதான் கதையின் உயிர். ஃப்ளாஷுக்கு ஓட எப்போதும் முடியும். மாயாவிக்கு அப்படி இல்லை. எங்காவது ஒரு ஒயர், ஒரு பிளக், ஒரு மின்கம்பம் கிடைக்க வேண்டும். பாலைவனத்தில், காட்டில், நடுக்கடலில் மாட்டிக்கொண்டால் மின்சாரத்துக்கு என்ன செய்வார் என்று பக்கத்துக்குப் பக்கம் பதற வைப்பார்கள். சாயங்காலம் ஆனால் கரண்ட் போய்விடுகிற ஊரில் உட்கார்ந்து படித்த எங்களுக்கு அந்தப் பதற்றம் யாரும் விளக்காமலே புரிந்தது. லண்டன் பையனைவிட எங்களுக்கு அதிகமாகவே புரிந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிராண்டெல் தொடக்கத்தில் நல்லவன் இல்லை. சக்தி கிடைத்ததும் திருடப் போகிறான், நகரத்தையே மிரட்டுகிறான். பிறகுதான் மனம் திரும்பி, நிழல்படை என்ற ரகசிய அமைப்பின் ஏஜென்டாக ஆகிறான். அவனுடைய கையும் கூடவே வளர்ந்தது. ஒரு விரல் துப்பாக்கி ஆனது, இன்னொன்று வாயுவைப் பீச்சியது, ரேடியோ வந்து சேர்ந்தது. அறுபதுகளின் நடுவில் உளவாளிக் கதைகளுக்கு இருந்த மோகம் அதில் தெரிகிறது. பிறகு முகமூடி வீரர்களின் மோகம் வந்தபோது அவனுக்கும் ஒரு விசேஷ உடையை மாட்டிப் பார்த்தார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் பணத்துக்குக் குற்றவாளிகளைப் பிடிக்கிற ஆளாகத் திரும்பி வந்தான். 1973க்குப் பிறகு 'வேலியன்ட்'டில் அவனுக்குப் புதுக் கதை வரவில்லை. பத்திரிகையே 1976இல் 'பேட்டில்' என்ற இன்னொரு பத்திரிகைக்குள் கரைந்துபோனது.

எழுதியவர்களைப் பற்றியும் வரைந்தவரைப் பற்றியும் நின்று பேசியாக வேண்டும். அந்தக் கால பிரிட்டிஷ் வாரப் பத்திரிகைகளில் படைத்தவர்களின் பெயரைப் போடும் வழக்கம் கிடையாது. அதனால் நாங்கள் யாருடைய கை வேலை என்று தெரியாமலே வருஷக்கணக்காக ரசித்தோம். தொடக்கக் கதைகளை எழுதியவர் கென்னத் பல்மர், அறிவியல் புனைகதை எழுத்தாளர். பின்னால் ஆலன் பர்ட் ஏக்கர்ஸ் என்ற புனைபெயரில் நெடிய நாவல் வரிசை ஒன்றை எழுதினார். அதன் முதல் நாவல் வெளிவந்தது 1972இல். அந்த வருஷத்தை நினைவில் வையுங்கள், கொஞ்ச நேரத்தில் மறுபடி வரும். பல்மருக்குப் பின் பெரும்பகுதியை எழுதியவர் டாம் டல்லி.

வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ. 1919இல் பார்சலோனாவில் பிறந்த ஸ்பெயின்காரர். அவருடைய சகோதரர்களும் ஓவியர்கள்தான், குடும்பமாகச் சேர்ந்து வேலை செய்தார்கள். லண்டன் பத்திரிகைக்கு ஸ்பெயினிலிருந்து படம் போய்க்கொண்டிருந்தது. பிளாஸ்கோவின் கறுப்பு மையைப் பார்க்க வேண்டும். ஒரு விளக்கு எந்தப் பக்கம் எரிகிறது, அந்த வெளிச்சம் முகத்தில் எங்கே விழுந்து எங்கே நிற்கிறது, சுவரில் நிழல் எவ்வளவு நீளம், எல்லாம் சரியாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒருவனைப் படம் வரைவது எவ்வளவு கஷ்டம்! அவர் அறையை வரைவார், மிரண்டு நிற்கிறவர்களை வரைவார், நடுவில் அந்தக் கையை மட்டும் வரைவார். விரல்கள் மடங்கியிருக்கிற விதத்திலேயே கோபமா அவசரமா என்று தெரிந்துவிடும். 1995இல் அவர் காலமானார். செம்மங்குப்பம் மாதிரி நூற்றுக்கணக்கான ஊர்களில் பையன்கள் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அந்தக் கையைப் போட்டுப் பழகியது அவருக்குத் தெரிந்திருக்குமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். தெரிந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

இப்போது 1972. சிவகாசியில் எம். சௌந்தரபாண்டியன் ஜனவரி மாதம் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். தீப்பெட்டி லேபிளும் காலண்டரும் அச்சடித்துத் தேர்ந்த ஊர் அது, அச்சகத்துக்குப் பஞ்சமில்லை. ஆசிரியர் முல்லை தங்கராசன். முதல் புத்தகத்தின் பெயரே 'இரும்புக்கை மாயாவி'. லண்டனில் இவனுக்கு மவுசு இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் தமிழில் இவன்தான் முதல் எண். தொடர்ந்து 'உறைபனி மர்மம்', 'நாச அலைகள்', 'பாம்புத் தீவு', 'பாதாள நகரம்' என்று வந்தன. பெயர்களைக் கேட்டாலே ஐம்பது வயதுக்காரர்களுக்குக் கண் மின்னும். கூடவே லாரன்ஸ் - டேவிட் ஜோடியும் ஜானி நீரோவும் சேர்ந்துகொள்ள, மூன்று வரிசைகளையும் சேர்த்து மும்மூர்த்திகள் என்று வாசகர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். அந்தச் சொல் இன்றைக்கும் இருக்கிறது.

பதிப்பு வரலாறு என்று பார்த்தால் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. சிக்கல் என்றாலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

மாயாவியின் கதைகள் லண்டனில் இரண்டு விதமாக வந்தன. ஒன்று, 'வேலியன்ட்' வாரத் தொடர். வாரத்துக்குச் சில பக்கங்கள் மட்டும். ஒவ்வொரு வாரத்தின் கடைசிக் கட்டத்திலும் ஆபத்து வந்து நிற்கும், அடுத்த வாரம் தப்பிப்பான். இன்னொன்று, 1967-68இல் ஃப்ளீட்வே நிறுவனம் விட்ட 'சூப்பர் லைப்ரரி' என்ற கையடக்க வரிசை. ஒரே புத்தகத்தில் முழு நீளக் கதை. தமிழில் இரண்டு விதமும் புத்தகமாகத்தான் வந்தன, அதனால் வாசகனுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் கவனித்துப் படித்தால் கண்டுபிடித்துவிடலாம். சில பக்கங்களுக்கு ஒரு தடவை மாயாவி சாவின் விளிம்புக்குப் போய், பக்கத்தைத் திருப்பினால் சட்டென்று தப்பிக்கிறார் என்றால் அது வாரத் தொடரிலிருந்து கோத்தது. கதை நிதானமாக ஏறி, கடைசி இருபது பக்கத்தில் மொத்தமாகக் கொந்தளிக்கிறது என்றால் அது பெரும்பாலும் கையடக்கப் புத்தகம். சின்ன வயதில் ஒரு புத்தகம் மூச்சு முட்டுகிறது, இன்னொன்று மெதுவாகப் போகிறது என்று மட்டும் தோன்றும். காரணம் வருஷங்கள் கழித்துத்தான் பிடிபட்டது.

வரிசையும் வேறு. லண்டன் பையன், கிராண்டெல் திருடனாக இருந்து ஏஜென்டாக மாறியதை வாரம் வாரமாகப் பார்த்தான். தமிழில் எந்தக் கதைக்கு முன்னால் எந்தக் கதை என்ற கணக்கு அதேபோல வரவில்லை. அதுவும் கடலூர்ப் பக்கத்தில் எங்களுக்குக் கிடைத்த வரிசை இன்னும் குழப்பம். புதுப் புத்தகம் கடலூர் பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கும். காசு இருக்கும் மாதம் வாங்குவோம். இல்லாத மாதத்துப் புத்தகம் ஒன்றிரண்டு வருஷம் கழித்து சிதம்பரத்திலோ கடலூர் முதுநகரிலோ பழைய பேப்பர் கடையில், அட்டை இல்லாமல், கடைசிப் பக்கம் கிழிந்து கிடைக்கும். இன்னொருவருக்கு முதல் புத்தகமாகக் கிடைத்தது எனக்குக் கடைசியாகக் கிடைத்திருக்கலாம். என் மாயாவி முதலில் நிழல்படையில் இருந்தார், பிறகுதான் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். அது தப்பான வரிசை என்று நான் நினைக்கவில்லை. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் வளர்ந்த ஒரு வாசகனுக்கு மாயாவி வந்து சேர்ந்த உண்மையான வரிசை அதுதான்.

1984 ஜூலையில் இரண்டு பெரிய வரவுகள். சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் பதினேழு வயதில் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழ் 'கத்தி முனையில் மாடஸ்டி'. அதே மாதம் தினத்தந்தி குடும்பத்திலிருந்து ராணி காமிக்ஸ் வந்தது, முதல் இதழில் ஜேம்ஸ் பாண்டின் 'அழகியைத் தேடி'. லயன் மூலமாக ஸ்பைடர் தமிழுக்கு வந்தார். அவரும் ஃப்ளீட்வே ஆள், அவரும் முதலில் குற்றவாளியாக இருந்து திருந்தியவர். அவருடைய கதைகளில் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர்! அதுவும் அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது. ராணி காமிக்ஸோ ஃபேன்டமுக்கே மாயாவி என்று பெயர் வைத்தது. அதனால் பள்ளிக்கூடத்தில் மாயாவி என்று சொன்னால் எந்த மாயாவி என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ராணி காமிக்ஸ் 500 இதழ்கள் வந்து 2005இல் நின்றது.

தொண்ணூறுகளில் வீட்டுக்கு வீடு கேபிள் டிவி வந்தபிறகு காமிக்ஸ் விற்பனை தளர்ந்தது. இதழ்கள் தாமதமாயின, கடைகளில் தொங்குவது குறைந்தது. இருந்தும் 'காமிக்ஸ் கிளாசிக்ஸ்' என்ற வரிசையில் பழைய மாயாவி கதைகளை மறுபதிப்பு செய்தார்கள். 2012 ஜனவரியில் லயன் 'கம்பேக் ஸ்பெஷல்' வந்தது. அதற்குப் பிறகு மும்மூர்த்திகளின் மறுபதிப்புகளும் நல்ல தாளில் வரத் தொடங்கின. 2022இல் முத்து காமிக்ஸுக்கு ஐம்பது வயது நிறைந்தது.

ஃப்ளாஷோடு வைத்துப் பார்த்தால் இங்கே எனக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. அமெரிக்காவில் ஒரு வீரன் உயிரோடு இருக்க வேண்டுமென்றால் புதுக் கதை வேண்டும். புதுக் கதைக்காக ஆளையே மாற்றினார்கள். ஜே போய் பேரி வந்தான், 1985இல் பேரியைச் சாகடித்து வாலி வெஸ்ட் வந்தான். மாயாவிக்குத் தமிழில் அது தேவைப்படவில்லை. அதே கிராண்டெல், அதே கதை, மறுபடி மறுபடி அச்சு. அப்பா படித்த புத்தகத்தின் மறுபதிப்பை மகன் படித்தான், அதற்குள் வசனம் கொஞ்சம் மாறியிருக்கும், எழுத்துரு மாறியிருக்கும், தாள் மாறியிருக்கும், அட்டைப் படம் புதிதாக இருக்கும். கோயிலில் வருஷா வருஷம் அதே தெருக்கூத்தைக் கட்டுவது மாதிரி. கதை தெரிந்தவர்கள்தான் முதல் வரிசையில் உட்காருவார்கள்.

பிறந்த நாட்டில் அவனைக் கிட்டத்தட்ட மறந்தே போயிருந்தார்கள். 1980களில் அமெரிக்கச் சந்தைக்காகச் சில இதழ்கள் வந்தன. 2005இல் ஆலன் மூர் கதை யோசனையில் வந்த 'ஆல்பியன்' தொடரில் பழைய பிரிட்டிஷ் வீரர்களோடு அவனும் தலைகாட்டினான். உரிமைகள் கை மாறி மாறி, கடைசியில் ரெபெல்லியன் நிறுவனத்திடம் வந்தன. அவர்கள் 2021இல்தான் தொடக்கக் கதைகளைத் தொகுத்து ஒரு புத்தகம் போட்டார்கள். அதில் பிளாஸ்கோவின் பெயர் அட்டையிலேயே இருக்கிறது. முத்து காமிக்ஸின் முதல் இதழுக்கும் இதற்கும் நடுவே 49 வருஷம். அந்த இடைவெளி முழுக்க மாயாவிக்குச் சோறு போட்டுக் காப்பாற்றியது சிவகாசி. இதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

அதனால்தான் ஒரு வேலை பாக்கி இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. ஃப்ளாஷின் ஒவ்வொரு இதழுக்கும் அட்டை, தேதி, விலை, எழுதியவர், வரைந்தவர், மையிட்டவர் வரை பட்டியல் இருக்கிறது. மாயாவியின் தமிழ்ப் புத்தகங்களுக்கு வாசகர்கள் ஆளுக்கொரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள், அவை ரொம்ப உதவுகின்றன. எந்தத் தமிழ்ப் புத்தகம் 'வேலியன்ட்'டின் எந்த வாரங்களிலிருந்து வந்தது, எது கையடக்கப் புத்தகம், மறுபதிப்பில் எந்தக் கட்டம் விடுபட்டது, எந்தப் பக்கத்தில் படம் திருத்தப்பட்டது என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கோத்து, தமிழிலேயே, அச்சில் கொண்டுவர வேண்டும். மொழிபெயர்த்தவர்கள், எழுத்து எழுதியவர்கள், படங்களைத் தமிழுக்கு ஏற்றபடி ஒட்டித் திருத்தியவர்கள் எல்லாருடைய பெயரும் அதில் வர வேண்டும். லண்டன் பத்திரிகை பிளாஸ்கோவின் பெயரைப் போடாமல் விட்டது அநியாயம் என்று சொல்கிற நாம், நம்ம ஊர்க் கலைஞர்களின் பெயரையும் விட்டுவிடக் கூடாது.

அவசரமும் இருக்கிறது. எங்கள் மாவட்டத்தில் காகிதம் நிலைப்பதில்லை. 2004 சுனாமி, 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல், 2015 வெள்ளம். சித்தப்பா எழுபதுகளில் வாங்கிச் சேர்த்த புத்தகங்கள் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. 2015இல் தண்ணீர் உள்ளே வந்தபோது அடியில் இருந்த அடுக்கு ஊறிக் கட்டியாகிவிட்டது, பிரித்தால் தாள் கையோடு வந்தது. மேல் அடுக்கு தப்பியது. அதில் இருந்த 'பாம்புத் தீவு'தான் அக்கா பையன் இப்போது படித்துக்கொண்டிருப்பது. இதுபோல எத்தனை வீடுகளில் எத்தனை பெட்டிகள் போயிருக்கும்! கடலோரம் பூராவும் இதே கதைதான்.

வீட்டில் பழைய முத்து, லயன், ராணி காமிக்ஸ் இருந்தால், எடைக்குப் போடுவதற்கு முன்னால், தயவுசெய்து நான்கு படம் எடுத்து வையுங்கள். முன் அட்டை, பின் அட்டை, விலையும் இதழ் எண்ணும் அச்சான பக்கம், ஆசிரியர் கடிதப் பக்கம். கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். அடுத்த மாதம் என்ன கதை, எந்தப் புத்தகம் தாமதமானது, எந்த ஊர் வாசகர் என்ன கேட்டார் என்பதெல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும். அட்டை கிழிந்த புத்தகத்தின் மாதத்தையும் வருஷத்தையும் பெரும்பாலும் அதை வைத்தே நான் கண்டுபிடிக்கிறேன். உள்ளே யாராவது பேனாவால் பெயரும் ஊரும் தேதியும் எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தையும் சேர்த்து எடுங்கள்.